‘சொன்னான்’ என்பதன் மேல் என்ன குற்றம்?

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை நகரிலிருந்து பசறை வழியாக லுணுகலை, மடுல்சீமை வரைக்கும், மறுபுறம் ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று மேலேறிச் செல்லும் பாதை நெடுகிலும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதிக்கப்படும் இடங்களில், அவை அரசாங்கப் பாடசாலைகளாயினும் சரி, கடைத்தெரு மாடிகளில் சனி ஞாயிறு நடைபெறும் டியூட்டரிகளாயினும் சரி, ஓர் உபதேசம் வெகுகாலமாக ஓதப்பட்டு வருகிறது. பிறர் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்தெழுதும்போது ‘செட்’ (சொன்னான்) என்னும் வினையையே திரும்பத் திரும்பப் பிரயோகிப்பது மாணவனுடைய சொல்வறுமையைக் காட்டும் என்பதும், ஆகையால் ‘எக்ஸ்க்ளெய்ம்ட்’, ‘ரிமார்க்ட்’, ‘அசர்ட்டெட்’, ‘இன்சிஸ்டெட்’, ‘அட்மிட்டெட்’, ‘க்ளெய்ம்ட்’ முதலான வினைகளை வரிக்கு ஒன்றாக மாற்றிமாற்றிப் போடவேண்டும் என்பதும், அங்ஙனம் போடுகிறவனே ஆங்கிலம் அறிந்தவன் என்பதும் அவ்வுபதேசத்தின் சாரம். ‘செட்’ செத்துவிட்டது என்று தலைப்பிட்டு, அதற்குப் பதிலாக வழங்கத்தக்க வினைகளை நீளமாக வரிசைப்படுத்திய வர்ண அட்டைகளும் வகுப்பறைச் சுவர்களை அலங்கரிக்கின்றன.

இக்கொள்கை தவறானது என்பதும், எந்தப் பிள்ளைக்கும் பொருந்தாத இது ஊவா மலைநாட்டுப் பிள்ளைக்கு விசேஷமாகத் தீங்கு செய்வது என்பதும் என் கட்சி.

சம்பளமும் வீடும் காணியும் தீராத வழக்குகளாய்க் கிடக்கும் தோட்டப்புறத்தில், ஆங்கில வினைச்சொல் ஒன்றைப் பற்றி இத்தனை ஆவேசம் எதற்கு என்று கேட்பவர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் கூறுவது இதுதான்: அந்த வழக்குகள் யாவும் யாரோ ஒருவர் பேசியதை வேறொருவர் எழுதிவைத்த கடதாசிகளில்தான் நடந்தன, இன்றும் நடக்கின்றன. ஏறக்குறைய இருநூறு வருஷங்களாக இம்மலைகளில் உழைத்து வரும் ஒரு ஜனசமூகம், தன் வாயால் தமிழில் பேசி, பிறர் கையால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அந்த எழுத்தைத் தான் வாசித்துச் சரிபார்க்க வகையில்லாமலே தீர்ப்பளிக்கப்பட்டு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட சமூகத்தின் பிள்ளை முதன்முறையாகப் பேனாவைத் தன் கையில் எடுக்கும் வேளையில், பேச்சை அறிவிக்கும் வினை வெறும் ஆபரணம், சலிப்புத் தட்டாமலிருக்க மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று கற்பிப்பது அற்பமான பிழையன்று.

ஒருவர் பேசினார் என்பதை அறிவிக்கும் வினையைக் கூற்றுவினை என்று வழங்குவோம். எதிர்க்கட்சியாருக்குரிய நியாயத்தை முதலிலேயே அவர்களுக்குக் கொடுத்துவிடுவது மரியாதை. நேர்கூற்றில், பேசியவருடைய சொற்கள் மேற்கோட் குறிகளுக்குள் அப்படியே நிற்கின்றன. அவர் கோபித்தாரா, கெஞ்சினாரா, பரிகசித்தாரா என்பதை அச்சொற்களே காட்டிக்கொள்ளும். கூற்றுவினைக்கு அங்கே இன்னார் பேசினார் என்று சுட்டுவதற்கு மேல் வேலையில்லை. அயற்கூற்றிலோ பேசியவருடைய சொற்கள் மறைந்து, அவற்றின் பொருள் மட்டும் எழுதுகிறவனுடைய வாக்கியத்துக்குள் கரைந்துவிடுவதால், வினாவை வினாவென்றும், கட்டளையைக் கட்டளையென்றும், மன்றாட்டை மன்றாட்டென்றும் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் கூற்றுவினையின் தலையில் விழுகிறது. ஆகவே அங்கே ‘ஆஸ்க்ட்’, ‘ஆர்டர்ட்’, ‘பெக்ட்’, ‘ப்ராமிஸ்ட்’ முதலியவை வேண்டும் என்பதில் எனக்கு விவாதமே இல்லை. ‘செட்’ ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கட்டளையைத் தெளிவாக அயற்கூற்றாக்குவது கடினம். ஆனால் இந்த வேற்றுமை பேசியவருடைய செய்கையிலிருந்து பிறப்பது. எழுதுகிறவனுடைய சலிப்பிலிருந்து பிறப்பதன்று. நம்முடைய போதகாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தேவையினால் வரும் மாற்றத்துக்குக் கிடைக்கவேண்டிய கௌரவத்தை அலங்காரத்துக்காகச் செய்யும் மாற்றத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ரென், மார்ட்டின் என்னும் இருவர் இந்தியப் பாடசாலைகளுக்கென்று இயற்றி, கடல் கடந்து இங்கும் வழங்கிய இலக்கண நூலின் மரபில் வந்த ஒரு வாய்பாட்டை நம்மில் பலர் மனனம் செய்திருக்கிறோம். வாக்கியத்தில் ‘அலாஸ்’ வந்தால் துக்கத்தோடு கூவினான் என்று எழுத வேண்டும்; ‘ஹுர்ரா’ வந்தால் சந்தோஷத்தோடு கூவினான் என்று எழுத வேண்டும். பேசியவன் மனத்தில் இருந்தது துக்கந்தானா, பாசாங்கா என்று பிள்ளை ஒரு கணமும் யோசிப்பதில்லை; அடையாளச் சொல்லைக் கண்டதும் உணர்ச்சியின் பெயரை ஒட்டிவிடுகிறது. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் தேடச் செய்யும் இந்தப் பழக்கத்தின் மேல்தான், வினைகளை வரிக்கு வரி மாற்று என்ற நவீன உபதேசமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வினைகளுள் செய்கையைப் பதிபவை ஒரு வகை. தீர்ப்பை வழங்குபவை இன்னொரு வகை. ஒருவர் கேட்டார், வாக்களித்தார், நன்றி கூறினார் என்றால், நடந்த செய்கை இன்னது என்று மட்டும் சொல்கிறோம். ‘அட்மிட்டெட்’ என்று எழுதினாலோ, சொல்லப்பட்டது உண்மை என்றும், அது சொன்னவருக்கு இழுக்கானது என்றும் இரண்டு தீர்மானங்களை ஒரு சொல்லுக்குள் மறைத்து வைத்துவிடுகிறோம். ‘க்ளெய்ம்ட்’ என்றால் எனக்கு நம்பிக்கையில்லை என்று வாசகன் காதில் ஓதுகிறோம். ‘பாயின்டெட் அவுட்’ என்றால் அது உண்மையே, மற்றவர்கள்தாம் கவனிக்கத் தவறினார்கள் என்று சாட்சி கூறுகிறோம். ஒரு கொழுந்து பறிக்கும் பெண், அந்தி நிறுவையில் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று சொல்லி அளவுக்கு மேல் கிலோ கழித்துவிட்டார்கள் என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சொன்னாள் என்று எழுதினால் வழக்கு திறந்திருக்கிறது. அவள் ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதினால், தராசைப் பரிசோதிக்கும் அவசியம் பாதி குறைந்துவிடுகிறது. அவள் ‘பாயின்டெட் அவுட்’ என்று எழுதினால், நிறுத்தவர் குற்றவாளியாகிவிடுகிறார். மூன்றிலும் அவள் பேசிய சொற்கள் ஒன்றே. சுவரில் தொங்கும் அட்டையிலோ பின்னவை இரண்டும் ஒரே வரிசையில், ‘செட்’டுக்கும் ஒன்றுக்கொன்றுக்கும் மாற்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன.

தோட்டத்தில் ஒரு வார்த்தை எவ்வாறு மேலே ஏறுகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மலையில் நிற்கும் ஒரு தாய், “கங்காணி, புள்ளைக்குக் காச்சலு, காம்பராவுக்குப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரட்டுங்களா?” என்று கேட்கிறாள். கங்காணி கணக்கப்பிள்ளையிடம், “ஐயா, அந்தப் புள்ள காம்பராவுக்குப் போகணும்னு சொல்லுதுங்க” என்கிறார், கேள்வி சொல்லாகிவிட்டது. கணக்கப்பிள்ளை தமக்கு மேலுள்ள கண்டாக்கையாவிடம், “போயே தீருவேன்னு நிக்கிறாங்க” என்கிறார், சொல் பிடிவாதமாகிவிட்டது. மாலையில் ஆபீசில் அது ஆங்கிலமாக எழுத்தேறும்போது, அப்பெண் வேலையை விட்டுப் போவதாக ‘இன்சிஸ்டெட்’ என்று வந்து விழுகிறது. இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை, சூதும் செய்யவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு வினை மட்டும் மாறியது, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் தோட்ட நிர்வாகியான துரை முன் நிற்கப்போகிறவள், பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்ட தாயல்லள். கட்டுப்பாட்டை மீறிய தொழிலாளி. உள்ளக விசாரணை என்றும், தொழில் நியாயசபை என்றும் அந்தக் கடதாசி பிரயாணம் செய்யுமானால், அங்கே வாதாடும் சட்டத்தரணி எவ்வளவு சமர்த்தராயினும், அவர் போராட வேண்டியது அந்த ஒரு வினைச்சொல்லோடுதான்.

இப்படி ஏறும் ஏணியை அமைத்தவர்கள் மொழியைப் பற்றி எத்தகைய எண்ணம் கொண்டிருந்தார்கள் என்பதற்கு அவர்களே சாட்சியம் வைத்துப் போயிருக்கிறார்கள். புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெர்குசன் என்பவர் கொழும்பில் வெளியிட்ட கையேட்டுக்கு இட்ட பெயரே ‘இங்கே வா’ என்பது. 1915ஆம் வருஷத்தில் வெல்ஸ் என்பவர் இயற்றிய இன்னொரு நூலுக்குப் பெயர் ‘கூலித் தமிழ்’. ஏவல் வினையைத் தலைப்பாகவே சூட்டிக்கொண்ட ஒரு பாஷாஞானத்துக்கு, எதிரில் நிற்பவர் பேசுகிற பேச்சு வினாவா, விண்ணப்பமா, ஆட்சேபமா என்று வகைப்படுத்தும் நிர்ப்பந்தம் அதிகம் இருந்திராது. கீழிருந்து மேலே ஏறும் பேச்சு பெரும்பாலும் ‘கம்ப்ளெய்ன்ட்’ என்ற ஒரே பையில் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அதைச் செய்தவர்கள் வினைகளை அறியாதவர்களல்லர். ஆங்கிலம் அவர்களுடைய தாய்மொழி. எனவே, சொல்வளம் இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த உதாரணத்தைச் சற்று யோசிக்க வேண்டும்.

இலங்கைச் சட்டம் இந்த விஷயத்தில் நம் உபாத்தியாயர்களைவிட எச்சரிக்கையாயிருக்கிறது. 1895ஆம் வருஷத்து 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம், ஒருவர் கூறியது வேறு, தமக்குப் பாதகமானதை ஒருவர் ஏற்றுக்கொண்டது வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது வேறு என்று பிரித்து வைத்ததோடு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்றும் விதித்தது. 1979ஆம் வருஷத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியை வெட்டி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றும், அது சுயேச்சையாகக் கொடுக்கப்பட்டதன்று என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவரையே சேரும் என்றும் ஆக்கியது. அதன் பலன் யாது என்பதற்குக் கிழக்கிலங்கைத் தமிழ் இளைஞர் சிங்கராசாவின் வழக்கு ஓர் உதாரணம். அவர் தமிழில் பேசினார். பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்த்தார். சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருடைய பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. 1995இல் அந்த ஒப்புதலை ஆதாரமாகக் கொண்டு அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டது. அவர் வாய்திறந்து பேசினார் என்பதற்கும், அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கும் இடையே கிடந்த தூரம் ஒரு மனிதருடைய ஆயுளில் பல வருஷங்களாயிற்று. இதே வினையைத்தான் நாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், ‘செட்’ அலுத்துவிட்டால் இதைப் போட்டுக்கொள் என்று கொடுக்கிறோம்.

இனி ஊவாவுக்குள்ளேயே நடந்த ஒன்றுக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. 2014ஆம் வருஷம் ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை என்ற நிலை பலருக்கு. அவ்விடம் மண்சரிவு அபாயமுள்ளது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது என்ற செய்தியும் உடனே வெளிவந்தது. அதிகாரிகள் எச்சரித்தார்கள், மக்கள் பொருட்படுத்தவில்லை என்ற வாய்பாடு ஆங்கிலத்திலும், அதன் வழியே மற்ற பாஷைகளிலும் பரவிற்று. பிழைத்த மக்களோ, போவதற்கு மாற்றிடம் எங்களுக்குத் தரப்படவில்லை என்றார்கள்.

இந்தச் சிறு வாய்பாட்டுக்குள் எத்தனை வினைகள், எத்தனை தீர்ப்புகள்! ‘வார்ன்ட்’ என்னும் வினை, சொன்னவர் தம் கடமையைச் செய்து முடித்தார் என்றும், கேட்டவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்றும், கேட்டவர் நினைத்திருந்தால் தப்பியிருக்க முடியும் என்றும் மூன்று விஷயங்களை விசாரணையின்றியே ஸ்தாபித்துவிடுகிறது. ‘இக்னோர்ட்’ என்பது அலட்சியம் என்னும் குணத்தை இறந்தவர்கள் மேல் சுமத்துகிறது. இடம் பெயர ‘ரெஃப்யூஸ்ட்’ என்று ஒருவர் எழுதிவிட்டாரானால், பெயர்ந்து போக ஓரிடம் அவர்கள் முன் நீட்டப்பட்டது என்ற பொய்யையும் சேர்த்தே எழுதியவராகிறார். ஏனெனில் கொடுக்கப்படாத ஒன்றை மறுக்க எவராலும் இயலாது. லயத்துக் காம்பரா தொழிலாளியின் சொத்தன்று. அவர் குடியிருக்கும் மண்ணில் ஒரு பேர்ச் அளவுக்கும் அவருக்கு உறுதி கிடையாது. வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. தோட்டத்தை விட்டு ஒரு குடும்பம் தானாகப் போய்க் குடியேறும் காணி ஊவாவில் அவர்கள் பேரில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இத்தனையும் அறிந்தவர் அந்த வாக்கியத்தை எப்படி எழுதியிருப்பார்? ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் அபாயமானதென்று அறிவித்தது; மாற்றுக் காணி கொடுக்கப்படவில்லை என்று குடியிருந்தோர் கூறினர்; அவர்கள் அங்கேயே இருந்தனர். மூன்று வெற்று வினைகள். அலங்காரம் இல்லை, ஆனால் விசாரணை இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்பது அவற்றில் தெளிவாக இருக்கிறது. வினைகளை வண்ணமயமாக்கிய வாக்கியமோ விசாரணையை முடித்தே வைத்துவிட்டது.

இந்த நோய் ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. நம் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் அமைச்சர் சுட்டிக்காட்டுகிறார், தலைவர் வலியுறுத்துகிறார், கம்பனியார் விளக்குகிறார்கள், தொழிலாளர் மட்டும் முறையிடுகிறார்கள், புலம்புகிறார்கள், அங்கலாய்க்கிறார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறும்வரை ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோது, கட்டுப்படியாகாது என்பதை ஒரு தரப்பார் தெளிவுபடுத்தினார்கள் என்றும், வயிறு காய்கிறது என்பதை மறு தரப்பார் தெரிவித்துக்கொண்டார்கள் என்றும் வாசித்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. தோட்டத்து மக்கள்மேல் அனுதாபம் உள்ளவர்களுந்தான். பள்ளிக்கூடத்தில் பெற்ற பயிற்சி, அனுதாபத்தையும் மீறிக் கைக்கு வந்துவிடுகிறது.

எதிர்க்கட்சியாரின் ஆட்சேபங்களில் மிகவும் பிரசித்தமானது, ஒரே வினை திரும்பத் திரும்ப வந்தால் அலுக்கும் என்பது. யாருக்கு அலுக்கும்? ஆங்கிலேயருக்கு அலுப்பதாகத் தெரியவில்லை. ஒரு பொருளை ஒரு வாக்கியத்தில் ஒரு பெயராலும் அடுத்ததில் வேறு பெயராலும் வெறும் நயத்துக்காக மாற்றிச் சொல்லும் வழக்கத்தை, ஃபௌலர் சகோதரர் 1906ஆம் வருஷத்து நூலிலேயே பெயரிட்டு எள்ளி நகையாடினார்கள். அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனர்ட், 2001இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய பத்து விதிகளில் ஒன்று, சம்பாஷணையைச் சுமக்க ‘செட்’ தவிர வேறு வினையை எடுக்காதே என்பதே. அவர் சொன்னது நேர்கூற்றுக்கு மட்டுமே பொருந்தும்; அதையும் நான் வேதமாகக் கொள்ளவில்லை. ஆயினும், ஆங்கிலத்தில் எழுதிப் பிழைத்த ஒருவர் விலக்கச் சொன்னதை, ஆங்கிலத்தின் சிகரம் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது வேடிக்கைதான். நம் பக்கத்திலும் பாருங்கள்: கீதையில், அர்ச்சுனனுடைய துயரத்துக்கும் கண்ணனுடைய உபதேசத்துக்கும் திருதராட்டிரனுடைய பதற்றத்துக்கும் முன்னே நிற்கும் வினை ‘உவாச’ என்ற ஒன்றே. கம்பனில் இராமனும் இராவணனும் கூனியும் பேசி முடிக்குமிடங்களில் ‘என்றான்’, ‘என்றாள்’ என்பவை எத்தனை ஆயிரந்தரம் வருகின்றனவோ, எண்ணியவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது, கவனித்தவரே அபூர்வம். கண்ணுக்குப் படாமல் வேலை செய்வதே அந்த வினையின் சிறப்பு. பேசுபவரிடமிருந்து நம் கண்ணை அது அகற்றுவதில்லை.

பேசுவோருடைய தரத்தால் வினை மாறும் என்பதைத் தமிழிலக்கணம் அறியாமலும் இல்லை. இரப்பவன் தன்னினும் உயர்ந்தவனிடம் ஈ என்றும், ஒத்தவனிடம் தா என்றும், தாழ்ந்தவனிடம் கொடு என்றும் கேட்பான் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. கேட்கப்படும் பொருள் ஒன்றே. வினை மாத்திரம் இருவருக்கும் நடுவே கிடக்கும் மேடுபள்ளத்தை அளந்து காட்டுகிறது. இந்த அளவை நூலாசிரியர் கவனித்தார், எழுதி வைத்தார். இம்மூன்றையும் அலுப்பு நீங்க ஒன்றினிடத்தில் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரேனும் போய்ச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவாரஸ்யமானது.

டிக்கன்ஸ் முதலிய மகாநாவலாசிரியர்கள் விதவிதமான கூற்றுவினைகளைக் கையாளவில்லையா என்று கேட்பவருக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. தான் படைத்த பாத்திரத்தின் உள்ளம் ஆசிரியனுக்குத் தெரியும். ஆகவே ஒப்புக்கொண்டான் என்றும் முணுமுணுத்தான் என்றும் எழுத அவனுக்கு அதிகாரம் உண்டு. பசறைக் கடைத்தெருவில் ஒருவர் பேசியதைக் கேட்டு எழுதும் பிள்ளைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கனமான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. கொழும்பிலும் கண்டியிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நூறு சொற்களோடு வரும்போது, எங்கள் பிள்ளை மட்டும் ‘செட்’ ஒன்றோடு போய் நிற்பதா, இருப்பதே கொஞ்சம், அதையும் நீ குறைக்கிறாயா என்று தோட்டத்து ஆசிரியர் ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் உள்ள தார்மிகக் கோபத்தை நான் மதிக்கிறேன். அத்தகைய ஆசிரியர்கள் தாமும் இதே மலைகளில், குறைந்த வசதியில், அரைகுறைக் கட்டடங்களில் கற்று மேலே வந்தவர்கள். ஆனால் நான் குறைக்கச் சொல்லவில்லை. அட்டையில் உள்ள அத்தனை வினைகளையும் பிள்ளை அறியட்டும். ஒவ்வொன்றும் எதை மறைத்து வைத்திருக்கிறது, யாருக்கு அனுகூலம் செய்கிறது, அதை எழுத எத்தகைய ஆதாரம் வேண்டும் என்பதோடு சேர்த்து அறியட்டும் என்கிறேன். பட்டியலை ஒப்புவிப்பதைக் காட்டிலும் இது கடினமான கல்வி. கூடுதலான கல்வியும் இதுவே.

அத்தகைய பாடத்துக்கு உதாரணங்களைத் தேடி இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. பதுளையில் ஒன்று இருக்கிறது. 1940ஆம் வருஷம் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டதன் பின், வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவி, மே மாதமளவில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் உச்சமடைந்தது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவோடு கலந்தே நிர்வாகம் செய்வதாகத் தோட்டத்துரை சம்மதித்தார் என்றும், ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந்தாங்கிய பொலிஸார் தொழிலாளரால் நிராயுதபாணிகளாக்கப்பட்டனர் என்றும் சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதியோர் எழுதுகிறார்கள். அந்தச் சம்மதத்தை எந்த வினையால் எழுதுவது? ‘அக்ரீட்’ என்றால் இரு தரப்பாரும் சமமாக அமர்ந்து பேசினார்கள் என்ற தோற்றம் வருகிறது. ‘கன்சீடெட்’ என்றால் தொழிலாளர் வென்றார்கள் என்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்டார் என்று எழுதினால், துரை பரிதாபத்துக்குரியவராகி, நியாயமான கோரிக்கை அக்கிரமமாகிவிடுகிறது. மேலே இருந்தவருடைய பேச்சுக்கும் கீழே இருந்தவருடைய பேச்சுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்பதால், இங்கே எனக்குப் பிரியமான வினையையும் நான் உபயோகிக்கக் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் முன் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து முக்கால் மணி நேரம் விவாதிக்க விட்டால், தம் பாட்டன்மாரின் சரித்திரத்தையும் அவர்கள் கற்பார்கள். ஆங்கில வினைகளின் உள்ளேயும் புகுந்து பார்ப்பார்கள். வேவெஸ்ஸவைப் பற்றி ஒரு வரியேனும் கேள்விப்படாத பிள்ளைகள் அதே மலையடிவாரத்தில், முன்பின் அறியாத ஜானும் மேரியும் தண்ணீர் கேட்டதை அயற்கூற்றாக்கிக் கொண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரி, பரீட்சை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். க.பொ.த. சாதாரணதரத்துக்குப் போகும் பிள்ளை அயற்கூற்றின் விதிகளைப் பிழையறக் கற்கட்டும். காலமாற்றத்தையும் இடமாற்றத்தையும் தவறாமல் செய்யட்டும். ஆனால் வகுப்பில் நாமாகக் கொடுக்கும் பயிற்சிகளில், மீரியபெத்தை வாசி ஒருவர் பேசிய இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றை அறிவிக்க மூன்று வினைகளையும் கொடுத்து, இவற்றுள் எதை எழுத உனக்கு ஆதாரம் இருக்கிறது, மற்றவற்றை எழுதுவதானால் இன்னும் யார் யாரை விசாரிக்க வேண்டும் என்று கேட்பதை எந்தப் பரீட்சைத் திணைக்களமும் தடுக்கவில்லை. அத்தகைய விடையைத் திருத்துவது சிரமம் என்பது மெய். பட்டியலிலுள்ள வினை வந்திருக்கிறதா, இல்லையா என்று சரிக்குறி போட்டுக்கொண்டு போவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஏன் அந்த வினையைத் தேர்ந்தது என்று வாசித்துப் பார்க்க ஒரு வாரம் செல்லும். ‘செட்’ செத்துவிட்டது என்ற அட்டை இத்தனை வகுப்பறைகளில் தொங்குவதற்கு, மொழியழகைப் பற்றிய சித்தாந்தத்தைக் காட்டிலும் இந்த ஒரு மாலைக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வித்தியாசமே அதிக காரணமாயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.